4 வாட் செயலி, 22 வாட் சிப்செட்: பழைய குறைமின் செயலிகள் பற்றிக் கேள்வி பதில்

இன்டெலின் ஆட்டம், பென்டியம் எம், வியா நிறுவனத்தின் சி7 போன்ற பழைய செயலிகளை இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: இன்டெல் ஆட்டம் 230 செயலியின் டிடிபி (வெப்ப வடிவமைப்பு அளவு) 4 வாட் என்று விவரத்தாள் சொல்கிறது. மின்மானியை மாட்டிப் பார்த்தால், கணினி சும்மா இருக்கும்போதே 30 வாட் காட்டுகிறது. செயலி பழுதா?

பதில்: பழுதில்லை. பெட்டியைத் திறந்து பாருங்கள். இன்டெலின் டி945ஜிசிஎல்எஃப் மதர்போர்டாக இருந்தால் இரண்டு ஹீட்சிங்க் தெரியும். விசிறி சுழலும் பெரியதன் அடியில்தான் செயலி இருக்கும் என்று யாருக்கும் தோன்றும். ஆனால் அங்கே இருப்பது 945ஜிசி சிப்செட், அதாவது செயலியை நினைவகத்தோடும் மற்ற பாகங்களோடும் இணைக்கும் சில்லு. விசிறியே இல்லாத சிறிய ஹீட்சிங்கின் அடியில்தான் ஆட்டம் இருக்கிறது. சிப்செட்டின் டிடிபி 22.2 வாட், அதாவது செயலியைப் போல ஐந்து மடங்குக்கும் மேல். இவற்றோடு ரேம், வட்டு, மின்வழங்கியின் இழப்பு எல்லாம் சேர்ந்துதான் மின்மானி காட்டும் எண் வருகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். டிடிபி என்பது செயலி குடிக்கும் மின்சாரத்தின் அளவு அல்ல. கடும் வேலையின்போது ஹீட்சிங்க் எவ்வளவு வெப்பத்தை வெளியேற்றத் தயாராக இருக்க வேண்டும் என்று வடிவமைப்பாளருக்குச் சொல்லும் எண் அது.

ஆகவே செயலியின் எண்ணைத் தனியாகப் படிக்காதீர்கள், கூட இருக்கும் சிப்செட்டையும் சேர்த்துக் கூட்டுங்கள். 2008இல் வந்த ஆட்டம் என்270க்கு 2.5 வாட். 2010இல் வந்த என்450க்கு 5.5 வாட். இப்படிப் பார்த்தால் இரண்டாண்டில் பின்னடைவு போலத்தான் தெரியும். ஆனால் என்270உடன் வந்த 945ஜிஎஸ்இ சிப்செட் தனியாக 6 வாட் கேட்டது. என்450இல் நினைவகக் கட்டுப்பாட்டகமும் கிராபிக்ஸும் செயலிக்குள்ளேயே போய்விட்டன. உண்மையில் மொத்தத் தேவை குறைந்திருக்கிறது.

கேள்வி: என்னிடம் இரண்டு மடிக்கணினிகள் உள்ளன. ஒன்றில் ஆட்டம் என்270, மற்றொன்றில் பென்டியம் எம் 725. இரண்டும் 1.6 கிகாஹெர்ட்ஸ். பழைய பென்டியம் ஏன் வேகமாக இருக்கிறது?

பதில்: கிகாஹெர்ட்ஸ் என்பது கடிகாரம் எத்தனை முறை துடிக்கிறது என்பது மட்டுமே. ஒவ்வொரு துடிப்பிலும் எவ்வளவு வேலை முடிகிறது என்பது வேறு கணக்கு. ஆட்டம் கட்டளைகளை வந்த வரிசையிலேயே நிறைவேற்றும். முன்னால் இருக்கும் கட்டளை நினைவகத்திலிருந்து தரவு வரக் காத்திருந்தால், ஒற்றையடிப் பாதையில் ஒருவர் நின்றதும் பின்னால் வருபவர் எல்லோரும் நிற்பதைப் போல எல்லாம் நின்றுவிடும். பென்டியம் எம் காத்திருக்கும் கட்டளையை ஒதுக்கிவிட்டு, தயாராக இருக்கும் அடுத்ததை எடுத்துச் செய்யும். அதன் எல்2 கேஷ் (செயலிக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்) 2 எம்பி, ஆட்டத்துக்கோ 512 கேபி.

நின்றுபோகும் நேரம் வீணாகாமல் இருக்கத்தான் ஆட்டத்தில் ஹைப்பர் த்ரெடிங் வைத்தார்கள். ஒரு த்ரெட் (கட்டளைகளின் ஒரு தொடர்) காத்திருக்கும்போது மற்றொன்று ஓடும். ஆனால் ஒரே வேலையை மட்டும் செய்யும் நிரலுக்கு அதனால் பயனில்லை. பென்டியம் எம் 725இன் டிடிபி 21 வாட் என்பதையும் மறக்க வேண்டாம். வேகத்துக்கு அது கொடுக்கும் விலை அதுதான்.

இந்த வரிசை முறையால் ஒரு நன்மையும் உண்டு. 2018இல் வெளியான மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற பாதுகாப்புக் குறைகள் என்270 போன்ற பழைய ஆட்டம்களைத் தொடவில்லை.

கேள்வி: என்270இல் 64 பிட் இயங்குதளம் போட முடியுமா?

பதில்: முடியாது. என்270, என்280 இரண்டும் 32 பிட் மட்டுமே. 230, 330, என்450 ஆகியவை 64 பிட். லினக்ஸில் செயலியின் ஃபிளாக்ஸ் வரிசையில் எல்எம் (lm) என்ற இரண்டெழுத்து இருந்தால் 64 பிட் என்று பொருள். என்450 ஏற்கும் ரேம் 2 ஜிபிதான் என்பதால் அதில் 64 பிட்டால் பெரிய ஆதாயம் இல்லை. என்2600 வைத்திருப்பவர்கள் கவனியுங்கள்: செயலி 64 பிட் என்றாலும், விண்டோஸ் 7இல் அதன் கிராபிக்ஸுக்கு 32 பிட் டிரைவர்தான் வந்தது.

கேள்வி: பென்டியம் எம்மில் லினக்ஸ் நிறுவும்போது பிஏஇ வசதி இல்லை என்று சொல்லி நின்றுவிடுகிறது.

பதில்: பிஏஇ என்பது 32 பிட் செயலி 4 ஜிபிக்கு மேல் நினைவகத்தை அணுக உதவும் வசதி. 400 மெகாஹெர்ட்ஸ் பஸ் (செயலியையும் சிப்செட்டையும் இணைக்கும் தடம்) கொண்ட பென்டியம் எம்களில் இது நடக்கும். வசதி உள்ளே இருக்கிறது, ஆனால் இருப்பதாகச் செயலி அறிவிப்பதில்லை. கர்னலின் தொடக்க வரியில் 'ஃபோர்ஸ்பிஏஇ' (forcepae) என்ற சொல்லைச் சேருங்கள், ஓடும். 533 மெகாஹெர்ட்ஸ் பஸ் கொண்டவற்றில் இந்தத் தொல்லை இல்லை.

கேள்வி: ஆட்டம் டி510 (13 வாட்), ஏஎம்டி இ-350 (18 வாட்). வீடியோ பார்க்க எது?

பதில்: இ-350, தயங்க வேண்டாம். எச்.264 முறையில் சுருக்கிய வீடியோவை அதன் ரேடியான் எச்டி 6310 கிராபிக்ஸே விரித்துவிடும். டி510இன் கிராபிக்ஸால் அது முடியாது, பாரம் முழுவதும் செயலியின் தலையில் விழும்.

கேள்வி: என்270ஐக் கழற்றி வேறு செயலி போடலாமா?

பதில்: முடியாது. போர்டிலேயே பற்றவைத்திருக்கிறார்கள்.

கேள்வி: வியா சி7 கணினி ஒன்று இருக்கிறது. மிக மெதுவாக இருக்கிறது, தூக்கிப் போட்டுவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். 2005இல் வந்த அந்தச் செயலிக்குள் பேட்லாக் என்ற பகுதி இருக்கிறது. தரவைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டும் ஏஇஎஸ் குறியாக்கத்தை அது வன்பொருளிலேயே செய்யும். இன்டெல் செயலிகளில் அதற்கான கட்டளைகள் வந்தது 2010இல்தான். உலாவியைத் திறந்தால் சி7 திணறும், அதை மறுக்கவில்லை. ஆனால் குறியாக்கம் செய்த வட்டில் கோப்புகளைச் சேமித்துத் தரும் சேவையகமாக வைத்தால், கடிகார வேகம் கூடிய ஆட்டத்தையும் அது அந்த ஒரு வேலையில் முந்தும். லினக்ஸில் பேட்லாக் ஏஇஎஸ் மாட்யூல் ஏறியிருக்கிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள். அது ஏறாவிட்டால் குறியாக்கம் முழுவதையும் மென்பொருளே சுமக்கும், உங்களுக்கும் பழைய மெதுவான சி7தான் தெரியும்.