கொக்குரி-சான் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கும் என் மகள், விடுமுறைக்கு வந்தபோது ‘கொக்குரி-சான்’ என்ற ஜப்பானிய விளையாட்டைப் பற்றிச் சொன்னாள். தாளில் எழுத்துகளை எழுதி, நாணயத்தின்மேல் மூவர் விரல் வைத்துக் கேள்வி கேட்டால், நாணயம் நகர்ந்து விடை சொல்கிறதாம். ஆயிரம் ஆண்டுப் பழமையான நரிச் சடங்கு என்று ஏதோ காணொளியில் பார்த்திருக்கிறாள். யாரும் தள்ளவில்லை என்று சத்தியம் செய்கிறாள். நம்புவதா?

ச.

அன்புள்ள ச.,

மகளை நம்புங்கள், காணொளியை நம்ப வேண்டாம்.

இந்த விளையாட்டு ஜப்பானில் பரவியது 1880களில்தான். அதன் முதல் வடிவத்தில் தாளும் இல்லை, நாணயமும் இல்லை. மூன்று மூங்கில் கழிகளை நடுவில் சேர்த்துக் கட்டி முக்காலிபோல் நிறுத்தி, சோறு வைக்கும் மரத்தொட்டியின் மூடியை அதன்மேல் வைத்துத் துணியால் போர்த்துவார்கள். சுற்றி அமர்ந்தவர்கள் அதன்மீது கையை லேசாக வைத்துக்கொண்டு கேள்வி கேட்க, மூடி சாய்வதை விடையாகக் கொள்வார்கள். தலை சாய்ந்தாடுவதைக் குறிக்கும் ‘கொக்குரி’ என்ற சொல்லே பெயராயிற்று. அந்த ஓசைக்கு நரி, நாய், தனுக்கி (நாயினத்தைச் சேர்ந்த ஒரு ஜப்பானியக் காட்டு விலங்கு) என்னும் மூன்று விலங்குகளைக் குறிக்கும் எழுத்துகளைப் பொருத்தி எழுதியது யாரோ ஒருவரின் சாமர்த்தியம். மனிதரைப் பிடித்து ஆட்டும் என்று ஜப்பானியர் நெடுங்காலம் அஞ்சிய நரி பெயரிலேயே வந்து உட்கார்ந்துகொண்டதால், புதிய விளையாட்டுக்குப் பழைய சடங்கின் களை வந்துவிட்டது.

இதை அன்றே ஆராய்ந்தவர் இனோவே என்ரியோ. இன்றைய டோயோ பல்கலைக்கழகத்தின் தொடக்கமான தத்துவப் பள்ளியை 1887இல் நிறுவிய அவர், அதே ஆண்டில் கொக்குரியைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். பல ஊர்களிலிருந்து செய்திகளைத் திரட்டி அவர் வந்தடைந்த முடிவு வேடிக்கையானது: இசு தீபகற்பத்தின் ஷிமோதா பகுதியில் கரை சேர்ந்த அமெரிக்க மாலுமிகள், தங்கள் நாட்டில் மேசையைச் சுற்றி அமர்ந்து ஆவியை அழைக்கும் பழக்கத்தை அங்கே காட்டியிருக்கிறார்கள், அந்த மேசைக்கு மாற்றாகத்தான் மூங்கிலும் மூடியும் வந்தன. பேய் கப்பலேறி வந்திருக்கிறது.

அந்த மேசை ஆட்டத்தை 1853இலேயே ஆங்கிலேய அறிவியலாளர் மைக்கேல் ஃபாரடே சோதித்திருந்தார். கைகளுக்கும் மேசைக்கும் நடுவே உருளைகள் கொண்ட பலகைகளை வைத்து, கையின் அழுத்தத்தைக் காட்டும் முள் ஒன்றையும் பொருத்தினார். மேசை கையை இழுக்கவில்லை, கைதான் மேசையைத் தள்ளியது. அந்த முள்ளைப் பார்க்கும்படி வைத்தவுடன் ஆட்டமே நின்றுபோயிற்று. அங்கிருந்தவர்கள் ஏமாற்றுக்காரர்கள் அல்லர். எதிர்பார்ப்பு மிகும்போது தசைகள் நாம் அறியாமலே இயங்குகின்றன. இனோவேயும் கொக்குரிக்கு இதே விளக்கத்தைத்தான் தந்தார். உங்கள் மகளின் சத்தியம் பொய்யில்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

ஹிரகனா என்னும் ஜப்பானிய எழுத்துகளும் ‘ஆம்’, ‘இல்லை’யும் கோயில் வாயிலான தோரியின் படமும் வரைந்த தாளில் பத்து யென் நாணயத்தை நகர்த்தும் வடிவம், 1970களில் பள்ளிப் பிள்ளைகளிடையே பெரிதாகப் பரவியது. முடிந்ததும் தாளைக் கிழித்துவிட்டு, நாணயத்தையும் விரைவில் செலவழித்துவிட வேண்டுமாம். ஆவி தொட்ட காசைக் கடைக்காரர் தலையில் கட்டிவிடும் இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் பயந்த பிள்ளை ஒன்று அலறினால் அறையே அலறும். அங்கே பள்ளிகள் இதைத் தடுத்தது அதற்காகத்தான்.

மகளிடம் ஒன்று சொல்லிப் பாருங்கள். மூவரும் கண்ணைக் கட்டிக்கொள்ளட்டும். நான்காவது ஒருத்தி சத்தமில்லாமல் தாளின் மேல்பக்கம் கீழே வரும்படி சுழற்றி வைத்துவிட்டு, நாணயம் போகும் எழுத்துகளைக் குறித்துக்கொள்ளட்டும். நாணயம் அப்போதும் நகரக்கூடும், ஆனால் ஒரு சொல்கூடத் தேறாது.