கோப்பிக் கடை வைஃபையும் ஊர் சிம்மும்

திருகோணமலை உவர்மலையிலிருந்து படிக்க வந்து கனடாவின்ட ஸ்காபரோவில் அறை எடுத்திருக்கிற ஒரு தம்பியின்ட கேள்வி: “போன் பிளானில டேட்டா குறைவு. லைப்ரரி, கொலிஜ், கோப்பிக் கடை வைஃபையிலதான் வங்கி, ஜிமெயில், வீட்டோட வாட்சப் எல்லாம் ஓடுது. கணக்கு களவு போகுமா? விபிஎன் வாங்க வேணுமா?”

தம்பி, விபிஎன் என்றது உங்கட இணையப் போக்குவரத்தைப் பூட்டி வேறொரு கம்பனி வழியா அனுப்புற சேவை. அதுக்குக் காசு கட்ட முதல், நீங்கள் கொண்டு வந்த ஊர் சிம் இப்ப எங்க கிடக்குது என்று பாருங்கோ. பெரிய ஓட்டை அங்கதான். அதுக்குப் பிறகு வாறன்.

பக்கத்து மேசையில இருக்கிறவன் காத்தில போற பாஸ்வேர்டைப் பிடிச்சுப்போடுவான் என்ற பயம் ஒரு காலத்தில சரிதான். 2010இல ஃபயர்ஷீப் என்று பயர்ஃபொக்ஸுக்கு ஒரு துணைநிரல் வந்தது. பூட்டில்லாத வைஃபையில ஆரும் பேஸ்புக் பார்த்தா, அதை வைச்சு அவையின்ட கணக்குக்குள்ள இரண்டு கிளிக்கில நுழையலாம். இப்ப ஏறக்குறைய எல்லாப் பெரிய தளமும் எச்டிடிபிஎஸ்சில, அதாவது உங்களுக்கும் தளத்துக்கும் இடையில பூட்டின தொடர்பில, ஓடுது. வைஃபை வைச்சிருக்கிறவருக்கு நீங்கள் எந்தத் தளத்துக்குப் போறீங்கள் என்று தெரியலாம். பாஸ்வேர்டும் கணக்கில கிடக்கிற காசும் தெரியாது. ஆனா “இந்தத் தொடர்பு பாதுகாப்பானதல்ல” என்று பிரவுசர் எச்சரிச்சா, “பரவாயில்லை, தொடரு” என்று அமத்தக் கூடாது. வங்கிப் பக்கத்தில அந்த எச்சரிக்கை வந்தா வைஃபையை நிப்பாட்டிப் போன் டேட்டாவில திறவுங்கோ. வங்கிக்குப் பெரிசா டேட்டா போகாது. அதனால வங்கி வேலையை எப்பவும் டேட்டாவில செய்யிறதே நல்லது.

இப்ப களவு நடக்கிறது போலிப் பக்கத்தால. வைஃபையில சேர்ந்த உடனே ஒரு வரவேற்புப் பக்கம் வரும். நியாயமான பக்கம் கேட்கிறது நிபந்தனைக்கு ஒரு டிக், கூடிப்போனா ஒரு மின்னஞ்சல் முகவரி. கூகிள் பாஸ்வேர்ட், காட் இலக்கம், 9இல தொடங்கிற உங்கட சின் நம்பர் (கனடாவில வேலைக்கும் வரிக்கும் தாற சமூகக் காப்புறுதி இலக்கம்) எதையாவது கேட்டா எழும்பி வாங்கோ. “கூகிளால உள்நுழையுங்கள்” என்ற பட்டன் சில இடங்களில உண்மையாவே இருக்கும். இருந்தாலும் தொடவேண்டாம், மின்னஞ்சல் வழியை எடுங்கோ. அதுக்கென்றே குப்பை மின்னஞ்சல் ஒன்று வைச்சிருங்கோ.

கடைப் பேரிலயே வேறொருத்தர் வைஃபை போடலாம், பேருக்கு ஒரு காவலும் இல்லை. பாஸ்வேர்ட் இல்லாத வைஃபை ஒன்றை உங்கட போன் ஞாபகம் வைச்சிருந்தா, அதே பேரில எது வந்தாலும் கேட்காமலே ஒட்டிக்கொள்ளும். பொது வைஃபை ஒவ்வொன்றுக்கும் “தானாகச் சேர்” என்றதை நிப்பாட்டுங்கோ. இனிப் போகாத இடமென்றா “மறந்துவிடு”.

கொலிஜில எடியுரோம் (கொலிஜ், பல்கலைக்கழகங்களுக்கான பொதுவான வைஃபை, கொலிஜ் கணக்கால சேருறது) இருந்தா அதையே பாவியுங்கோ, நீங்கள் சொன்ன இடங்களுக்குள்ள நல்லது அதுதான். ஆனா அன்ட்ரொயிட்டில சேர்க்கேக்க “சிஏ சேர்டிபிக்கட்” என்று ஒரு பெட்டி வரும், அது வைஃபை உண்மையானதோ என்று சரிபார்க்கிற சான்றிதழ். பழைய போனில “சரிபார்க்க வேண்டாம்” என்று ஒரு தெரிவும் இருக்கும். அவசரத்தில பொடியள் அதைத்தான் அமத்துறது. அப்படி விட்டா, எடியுரோம் என்ற பேரில ஆர் வைஃபை போட்டாலும் உங்கட கொலிஜ் பாஸ்வேர்டை அதுக்குக் குடுக்கப் போன் தயார். கொலிஜ் ஐடி பகுதி தாற நிறுவல் ஆப்பால போட்டா இந்தத் தொல்லை இல்லை.

இனி சிம். உங்கட ஜிமெயில், வாட்சப், ஊர் வங்கி மூன்றும் +94 இலக்கத்திலதான் இருக்கும். வைஃபையில வாட்சப் ஓடுறபடியா சிம் தேவையில்லை என்று கழட்டி மேசை லாச்சிக்குள்ள போட்டிருப்பீங்கள். முற்பணச் சிம்முக்குக் காசு போடாமல் விட்டா இலக்கம் செத்துப்போகும். பிறகு அதே இலக்கம் வேறொருத்தருக்கு விற்படும். உங்கட ஜிமெயிலைத் திரும்ப எடுக்கிற குறியீடு அவருக்குப் போகும். களவெடுக்கிற எண்ணமே அவருக்கு இல்லாமல் இருக்கலாம், ஆனா திறப்பு அவரின்ட கையில.

ஆகவே ஊர் சிம்மைப் போனின்ட இரண்டாவது இடத்தில போட்டு, டேட்டா ரோமிங்கை நிப்பாட்டி, எஸ்எம்எஸ் வாறமாதிரி வையுங்கோ. ரோமிங் திறக்கேல்லையென்றா கம்பனி ஆப்பில திறக்கலாமோ என்று பாருங்கோ. செல்லுபடித் திகதி முடிய முதல் வீட்டில ஆரையும் கொண்டு ரீலோட் போடுவியுங்கோ. அந்தச் சிம் ஊர் வங்கிக்கும் வாட்சப்புக்கும் மட்டும் இருக்கட்டும். ஜிமெயிலை அதிலயிருந்து கழட்டி, கூகிள் கணக்கின்ட “பாதுகாப்பு” பகுதியில பாஸ்கீ (பாஸ்வேர்டுக்குப் பதிலா கைரேகையாலயோ போன் பூட்டாலயோ உள்ள போற திறப்பு) ஒன்று போடுங்கோ, அதோட உள்நுழையிற குறியீடு தாற ஓதென்டிகேட்டர் ஆப். ஆப் தாற ஆறு இலக்கம் 30 விநாடிக்கு ஒருக்கா மாறும், அதுக்குச் சிம்மும் வேண்டாம், இன்டர்நெட்டும் வேண்டாம். போன் நேரம் பிழையா இருந்தா குறியீடு பிழைக்கும். நேரத்தைத் தானியங்கியில விடுங்கோ. பாஸ்கீ ஏன் மேல் என்றா, போலிப் பக்கம் நீங்கள் அடிக்கிற ஆறு இலக்கத்தையும் வாங்கி அந்தக் கணமே உண்மைப் பக்கத்துக்குக் குடுத்து உள்ள போகலாம். பாஸ்கீ தளத்தின்ட முகவரியோட கட்டுப்பட்டது, போலி முகவரிக்கு அது வேலையே செய்யாது. கூகிள் தாற பத்து மாற்றுக் குறியீட்டையும் கடதாசியில எழுதி பாஸ்போட்டோட வையுங்கோ. ஒவ்வொன்றும் ஒருக்காத்தான் செல்லும்.

கனடா இலக்கத்திலயும் கவனம். மலிவு பிளான் பார்த்து மாறேக்க புது இலக்கம் எடுக்காமல் பழைய இலக்கத்தையே கொண்டுபோங்கோ. புதுசுதான் என்றா முதல் வங்கியில மாத்திப்போட்டு, பிறகு பழசை விடுங்கோ.

மின்னஞ்சலைப் பற்றி நான் இவ்வளவு அடிச்சுச் சொல்றதுக்கு இன்னொரு காரணம், இங்க காசு மின்னஞ்சலால வரும். இன்டராக் ஈ-ட்ரான்ஸ்பரில (கனடா வங்கிக் கணக்குகளுக்கு இடையில காசு அனுப்புற சேவை) ஒரு கேள்வியும் பதிலும் வைச்சு அனுப்பினா, உங்கட இன்பொக்சைத் திறந்தவன் பதிலை ஊகிச்சுக் காசைத் தன்ட கணக்கில போடலாம். எங்கட ஆக்கள் வைக்கிற கேள்வி “எங்கட ஊர்?”, பதில் “ட்ரிங்கோ”. வங்கி ஆப்பில ஓட்டோடெபொசிட்டைப் போட்டுவிடுங்கோ. கேள்வி இல்லாமல் காசு நேரே கணக்கில விழும்.

லைப்ரரி கொம்பியூட்டரை அச்சடிக்க மட்டும் பாவியுங்கோ. வாட்சப் வெப் திறந்தா, எழும்ப முதல் போனில “இணைக்கப்பட்ட சாதனங்கள்” போய் அதை வெளியேத்துங்கோ. ஜன்னலை மூடினா காணாது.

விபிஎன்? கட்டாயம் இல்லை. அது வைஃபைக்காரரிட்ட இருந்து மறைச்சதை விபிஎன் கம்பனிக்குக் காட்டுது, அவ்வளவுதான். இலவச விபிஎன்னைத் தொடவே வேண்டாம். அதில வேற நாட்டுச் சேர்வரைத் தெரிவு செய்தா வங்கி சந்தேகப்பட்டுக் கணக்கைப் பூட்டவும் கூடும்.

லீவில ஊருக்குப் போய் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கெஸ்ட் ஹவுசில நிண்டா, சுவரில ஒட்டின பாஸ்வேர்ட் காவல் என்று நினைக்காதேங்கோ. டபிள்யூபிஏ2 என்ற வகைப் பூட்டுப் போட்ட வைஃபையில அந்தப் பாஸ்வேர்ட் தெரிஞ்சவர், நீங்கள் சேர்ற நேரம் பிடிச்சா, வைஃபைப் பூட்டைக் கழட்டலாம். அதுக்குள்ள எச்டிடிபிஎஸ் மட்டும்தான் மிஞ்சும். ஊரில டேட்டா மலிவுதானே, ஹொட்ஸ்பொட்டைப் போடுங்கோ.

அம்மாவின்ட வாட்சப்பிலயும் ஆறு இலக்கப் பின் போட்டுவிடுங்கோ: செட்டிங்ஸ், அக்கவுன்ட், இரண்டு படி சரிபார்ப்பு. தெரிஞ்ச ஆளின்ட பேரில “உங்களுக்கு வந்த ஆறு இலக்கத்தை அனுப்புங்கோ அன்டி” என்று வந்தா, அந்த ஆளின்ட கணக்கு ஏற்கெனவே போயிட்டுது என்று அவவுக்குச் சொல்லி வையுங்கோ.

பிழையான பக்கத்தில பாஸ்வேர்ட் அடிச்சிட்டீங்கள் என்று வையுங்கோ. வைஃபையை நிப்பாட்டி, டேட்டாவில மின்னஞ்சல் பாஸ்வேர்டை முதல் மாத்துங்கோ, வங்கி இரண்டாவது. எல்லாச் சாதனத்தையும் வெளியேத்துங்கோ. பிறகு கொம்பியூட்டரில ஜிமெயில் செட்டிங்சுக்குப் போய் ஃபில்டரையும் ஃபோர்வேடிங்கையும் பாருங்கோ; வங்கிக் கடிதத்தைத் தனக்குத் திருப்பிவிட்டு உங்களுக்குத் தெரியாமல் அழிக்கிற விதி ஒன்று அங்க இருக்கலாம், பாஸ்வேர்ட் மாத்தினாலும் அது போகாது. மீட்பு இலக்கமும் உங்கடதானோ என்று பாருங்கோ. வங்கிக்கு எடுக்கிறது காட்டின்ட பின்பக்கத்து இலக்கத்துக்கு, எஸ்எம்எஸ்ஸில வந்த இலக்கத்துக்கு இல்லை. காசு போயிருந்தா பொலிசிலயும் கனடா மோசடித் தடுப்பு மையத்திலயும், 1-888-495-8501, முறைப்பாடு போட்டு, அந்தக் கோப்பு இலக்கத்தை வங்கிக்குக் குடுங்கோ.