கிரேடு எப்போது என்று கேட்கும் பெற்றோரிடம் என்ன சொல்வது?

கேள்வி: வீட்டிலேயே ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லித் தருகிறேன். சேர்த்துவிட்ட அடுத்த மாதமே "கிரேடு 1 எப்போ மிஸ்?" என்று முதல் நிலை பியானோ தேர்வைப் பற்றிப் பெற்றோர் கேட்கிறார்கள். பிள்ளைகளோ நான் வாசிப்பதைக் கேட்டு அப்படியே வாசித்துவிடுகிறார்கள், தாளில் இருக்கும் நோட்டேஷனை, அதாவது இசைக் குறிப்பைப் பார்ப்பதே இல்லை. எல்லோர் வீட்டிலும் 61 கட்டை கீபோர்டுதான். இந்த வேலையில் எப்போதுதான் ஒரு நிறைவு வரும், மேடம்?
– வாசகி, கோவை

பதில்: பெற்றோர் கேட்பதில் தப்பில்லை. மாதாமாதம் ஃபீஸ் கட்டுகிறவர்களுக்குக் கையில் ஒரு சர்டிபிகேட் வந்தால் நிம்மதி. ஆனால் நீங்கள் அந்த அவசரத்துக்கு இழுபட்டுவிடக் கூடாது. வழக்கமான கிரேடு தேர்வில் வாசிக்க வேண்டியது மூன்றே உருப்படிகள். வருஷம் முழுக்க அந்த மூன்றையே உருப்போட வைத்துப் பாஸ் செய்ய வைத்துவிடலாம், ட்ரினிட்டி என்ற தேர்வு அமைப்பில் கிரேடு 5 வரை சைட் ரீடிங்கை, அதாவது புதுத் தாளைப் பார்த்தவுடனே வாசிப்பதைத் தொடாமல் வேறு இரண்டு டெஸ்ட் எடுத்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. அப்படி வளர்ந்த பிள்ளைகள் என்னிடம் வருகிறார்கள். கிரேடு 4 முடித்திருப்பார்கள், புதிதாக எட்டு பார் (தாளில் கோடு போட்டுப் பிரித்த சின்னப் பகுதிகள்) வைத்தால் இடது கைக்கு என்ன நோட் என்று கோடு கோடாக விரல் வைத்து எண்ணுவார்கள். எனக்கு மனசு பொறுக்காது. பெற்றோரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: "இந்த வருஷம் நிறைய சின்னச் சின்னப் பாட்டு வாசிப்பாள், தேர்வு அப்புறம்."

கேட்டு வாசிக்கிறார்கள் என்பது நல்ல செய்தி, காது இருக்கிறது. நீங்கள் முதலில் வாசித்துக் காட்டுவதை மட்டும் நிறுத்துங்கள். தாளை வைத்து, கட்டையைத் தொடாமல் கேளுங்கள்: கட்டைவிரல் எங்கே வைப்பாய், மெட்டு மேலே போகிறதா கீழே வருகிறதா, எங்கே தாவுகிறது? அப்புறம் நாலே பார், மெதுவாக, தப்பினாலும் திரும்பிப் போகாமல். தினமும் புதுசு வேண்டும், அவர்கள் அளவுக்கு ரொம்ப எளிதாகவே இருக்கட்டும். ஹங்கேரி இசையமைப்பாளர் பார்டோக்கின் 'மைக்ரோகாஸ்மாஸ்' இதற்கு நல்ல துணை. ஆறு தொகுதிகளில் 153 துண்டுகள், முதல் இரண்டு தொகுதிகளைத் தன் மகன் பீட்டருக்கென்றே தந்தவர் அவர். ஆரம்பத்து ஆறிலும் இரண்டு கையும் ஒரே மெட்டைச் சேர்ந்து வாசிக்கும், அதனால் குழந்தை பயப்படாது.

61 கட்டை முதல் வருஷத்துக்குப் போதும். கவலை கட்டையின் எடையில்தான். அழுத்தமே இல்லாத கட்டையில் பழகிய விரல் நிஜப் பியானோவில் திணறும், எனவே அடுத்து வாங்கும்போது எடையுள்ள 88 கட்டை டிஜிட்டல் பியானோவைச் சொல்லுங்கள். அதற்கும் முன்னால், வீட்டில் எப்படி உட்காருகிறார்கள் என்று ஒரு போட்டோ கேளுங்கள். பல வீட்டில் கீபோர்டு கட்டில் மேல் இருக்கும், பிள்ளை தரையில் உட்கார்ந்து தோளைத் தூக்கிக்கொண்டு வாசிக்கும். முழங்கை கட்டை மட்டத்துக்கு வர வேண்டும், கால் தொங்கினால் அடியில் ஒரு முக்காலி போடச் சொல்லுங்கள்.

நிறைவைக் கேட்டீர்கள். என் மாணவி ஒருத்தி, தம்பியின் வகுப்பு முடியட்டும் என்று பக்கத்து அறை கீபோர்டில் உட்கார்ந்திருந்தவள், நான் சொல்லித்தராத ஒரு பக்கத்தைத் திறந்து தானே தட்டித் தடவி வாசித்துக்கொண்டிருந்தாள். எஃப் ஷார்ப்பை (எஃப்புக்கு அடுத்து மேலே இருக்கும் கறுப்புக் கட்டையை) விட்டுவிட்டாள், காதுக்கு ஒட்டவில்லை, நின்றாள், ஷார்ப் குறி போட்டிருக்கும் தாளின் தொடக்கத்தைப் பார்த்தாள், திருத்திக்கொண்டு மேலே போனாள். யாரும் சொல்லவில்லை! இதற்காகத்தான் நான் இன்னும் சொல்லித் தருகிறேன்.

கேள்வி: மகனுக்கு 4 வயது. இப்போதே பியானோ வகுப்பில் சேர்க்கலாமா?
– வாசகர், திருச்சி

பதில்: கால் மணி நேரம் ஓரிடத்தில் உட்காருவானா, எழுத்து கொஞ்சம் அடையாளம் தெரியுமா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் ஒரு வருஷம் வீட்டில் பாடட்டும், தாளம் போடட்டும். சேர்த்தால் நீங்களும் வகுப்பில் கூட உட்காருங்கள், ஏனென்றால் வீட்டில் சாதகம் பண்ண வைக்கப்போவது நீங்கள்தான்.