மக்கு என்று முடிவு கட்டும் முன்…
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நகரத்துக் குடிசைப் பகுதிப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை நான். நாலைந்து பிள்ளைகள் கரும்பலகையில் இருப்பதைத் தப்பாகவே எழுதுகிறார்கள். கூப்பிட்டாலும் திரும்புவதில்லை. பதினோரு மணிக்கே தூங்கி வழிகிறார்கள். வீட்டுக் கவனிப்பு இல்லாததுதான் காரணமா?

பதில்: அந்த முடிவுக்கு வரும்முன் கண், காது, இரத்தம், தூக்கம் நான்கையும் பாருங்கள். காய்ச்சல் என்றால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற பெற்றோர்தான், ஆனால் கிட்டப்பார்வைக்காக ஒரு நாள் கூலியை இழக்க அவர்களால் முடியாது. அதனால் இவை தெரியாமலே கிடக்கும்.

கண்ணுக்கு ஓர் அட்டை போதும். மூன்று பல் உள்ள சீப்பு வடிவத்தைக் கறுப்பில் வரையுங்கள். உயரமும் அகலமும் 1.75 செ.மீ., கோடும் இடைவெளியும் 3.5 மி.மீ. பிள்ளையை நல்ல வெளிச்சத்தில் 6 மீட்டர் தள்ளி நிறுத்தி, ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடச் சொல்லுங்கள். விரலால் மூடினால் இடுக்கு வழியே பார்த்துவிடும். கண்ணை அழுத்தவும் கூடாது. அட்டையைத் திருப்பித் திருப்பி, பல் எந்தப் பக்கம் என்று கையால் காட்டச் சொல்லுங்கள். ஐந்தில் நான்கு சரியாக வராவிட்டால் கண் மருத்துவரிடம் அனுப்புங்கள். இரண்டு கண்ணையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். ஒரு கண் நன்றாக இருந்தாலே பிள்ளை சமாளித்துவிடும், குறை வெளியே தெரியாது.

காதில் இரண்டு வாரத்துக்கு மேல் சீழ் வடிந்தால் அது நாள்பட்ட தொற்று. நெரிசலும் அடுப்புப் புகையும் உள்ள வீடுகளில் இது அதிகம். எண்ணெய் விடாதீர்கள். மருத்துவர் பார்க்கும்வரை, நல்ல காது உங்கள் பக்கம் இருக்கும்படி முன் வரிசையில் உட்கார வையுங்கள்.

இரத்தசோகையைக் கீழ் இமையைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்பார்கள். லேசான சோகை அதில் தப்பிவிடும். பரிசோதனைதான் வழி. 5 முதல் 11 வயது வரை, 100 மி.லி. இரத்தத்தில் ஹீமோகுளோபின் 11.5 கிராமுக்குக் கீழே போனால் சோகை. இரும்பு மாத்திரை பாதியில் நிற்பதற்கு வழக்கமான காரணம், மலம் கறுத்ததும் வீட்டார் பயந்துவிடுவது. அது இயல்பு என்று மாத்திரை கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். மாத்திரையோடு தேநீர் வேண்டாம். இரும்பு உடலில் சரியாகச் சேராது. தூக்கம் எவ்வளவு வேண்டும் என்பதை அடுத்த பதிலில் சொல்கிறேன்.

கேள்வி: ஒரே அறைதான் எங்கள் வீடு. தொலைக்காட்சி, அடுத்த வீட்டுச் சண்டை, தெருச் சத்தம். ஒன்பது வயது மகன் இரண்டு மணி நேரம் புத்தகத்தோடு உட்கார்ந்தாலும் ஒன்றும் நிற்பதில்லை.

பதில்: குறை பையனிடம் இல்லை. நியூயார்க்கில் ரயில் பாதையை ஒட்டிய ஒரு பள்ளியைப் பற்றி 1975-இல் வெளியான ஆய்வில், பாதைப் பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் வாசிப்பில் பின்தங்கியிருந்தார்கள். தண்டவாளத்தில் ரப்பர் மெத்தையும் வகுப்பில் சத்தம் உறிஞ்சும் கூரையும் போட்ட பிறகு அந்த வித்தியாசம் மறைந்தது.

சத்தத்திலேயே மோசமானது, புரிகிற மொழியில் காதில் விழும் பேச்சு. மனப்பாடத்தை அது கலைத்துவிடும். ஆகவே நேரத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். தொலைக்காட்சியை அணைக்க முடிகிற அரை மணி வாசிப்புக்கும் மனப்பாடத்துக்கும். சத்தமான நேரம் பார்த்தெழுதுவதற்கும் பழகிய கணக்குக்கும். வலக்கைக்காரன் என்றால் விளக்கு இடப்பக்கம் இருக்கட்டும், கை நிழல் எழுத்தின் மேல் விழாது.

ஒன்று சொல்லியே ஆகவேண்டும். இந்த வயதில் 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் தேவை. தண்ணீர் பிடிக்க ஐந்து மணிக்கு எழுப்புகிறீர்கள் என்றால் எட்டு மணிக்கே படுத்தாக வேண்டும். வீட்டுப்பாடமா தூக்கமா என்ற நிலை வந்தால் தூக்கத்துக்கே விடுங்கள், ஆசிரியரிடம் நிலைமையைச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: வாடகை ஏறியதால் ஆண்டின் நடுவில் வீடு மாறுகிறோம். பள்ளியையும் மாற்றலாமா?

பதில்: போய்வர முடிகிற தூரம் என்றால் ஆண்டு முடியும்வரை பழைய பள்ளியே நல்லது. முடியாவிட்டால், பழைய நோட்டுகளைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். எந்தப் பாடம் வரை நடந்தது என்பதற்கு அவைதான் சாட்சி. சேர்க்கும் அன்றே வகுப்பாசிரியரிடம் காட்டி, அங்கே முன்பே முடிந்துபோன பாடங்களைக் குறித்து வாங்குங்கள். கணக்கை முதலில் பாருங்கள். பின்னம் நடந்த வாரங்களைத் தவறவிட்ட பிள்ளைக்கு அடுத்து வரும் தசமமும் சதவீதமும் பிடிபடாது.