பழைய பாணியில் புதிய கடிகாரம்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

அண்மையில் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில், ஆங்கிலேயக் கடிகாரக் கலைஞர் தாமஸ் டாம்பியன் 1690 வாக்கில் மன்னர் மூன்றாம் வில்லியமுக்காகச் செய்த மேசைக் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒருமுறை சாவி கொடுத்தால் ஓராண்டு ஓடுமாம். அக்காலத்துப் பாணியிலேயே இன்றும் சிலர் கையால் புதிய கடிகாரங்கள் செய்வதாக அறிந்தேன். மலிவான குவார்ட்ஸ் கடிகாரமே இவற்றைவிடச் சரியாக நேரம் காட்டும் காலத்தில், இது வெறும் நகல் வேலைதானே?

கே.

அன்புள்ள கே.,

கருங்காலிப் பெட்டி, மேலே பித்தளைக் கைப்பிடி, வெள்ளி பூசிய எண் வளையம், மூலைகளில் குழந்தை முக வார்ப்புகள் ஆகியவற்றை அப்படியே அமைத்து, உள்ளே ஏதோ ஓர் இயந்திரத்தை வைத்து மூடினால் அது நகல்தான். ஆனால் அந்த வடிவம் எந்தத் தேவையிலிருந்து பிறந்ததோ அந்தத் தேவையை மறுபடியும் தன் பட்டறையில் சந்தித்துத் தீர்ப்பவரின் வேலையை நகல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கைப்பிடியையே எடுத்துக்கொள்ளுங்கள். டச்சு அறிவியலாளர் ஹைகன்ஸ் 1656-இல் பெண்டுலத்தைக் கடிகாரத்தில் பொருத்தினார். 1658-இல் கடிகாரம் செய்யும் ஃப்ரொமாண்டீல் குடும்பத்தார் லண்டனில் அத்தகைய கடிகாரங்களை விளம்பரம் செய்துவிட்டார்கள். விலையுயர்ந்த பொருள் என்பதால் பல வீடுகளில் ஒன்றே இருந்தது. பகலில் கூடத்திலும் இரவில் படுக்கையறையிலும் அது தேவைப்பட்டது, ஆகவே கைப்பிடி. தூக்கிச் செல்லும் கடிகாரத்தில் எடைக்கற்களைத் தொங்கவிட முடியாது, ஆகவே சுருள்வில். தீக்குச்சி இல்லாத காலத்தில் நள்ளிரவில் விளக்கேற்றுவது எளிதன்று, ஆகவே கயிற்றை இழுத்தால் மணியடித்து நேரம் சொல்லும் பொறி. எல்லாப் பக்கமிருந்தும் பார்க்கப்படும் பொருள் என்பதால் பின்புறமும் கண்ணாடிக் கதவு வைத்து, அதற்குள் தெரியும் பித்தளைத் தகடு முழுவதும் ட்யூலிப் மலர்களையும் கொடிகளையும் செதுக்கினார்கள்.

1670 வாக்கில் நங்கூர வடிவ எஸ்கேப்மென்ட் (சக்கரத்தை ஒவ்வொரு பல்லாக நிறுத்தி விடுவிக்கும் பொறி) வந்து, தரையில் நிற்கும் நெட்டைக் கடிகாரங்களின் துல்லியத்தைப் பெரிதும் உயர்த்தியது. அதன் பிறகும் மேசைக் கடிகாரத்தில் 18-ஆம் நூற்றாண்டின் இறுதிக்காலம் வரையில் வெர்ஜ் எனப்படும் பழைய வகை எஸ்கேப்மென்டே நீடித்ததற்குக் காரணம், மட்டம் சற்றே பிசகிய மேசையில் வைத்தாலும் அது நிற்காமல் ஓடும் என்பதே. பின்னர் வந்த பழுதுபார்ப்பவர்கள் துல்லியத்துக்காகப் பல கடிகாரங்களில் வெர்ஜைக் கழற்றிவிட்டு நங்கூரத்தைப் பொருத்தினார்கள். இன்று ஒருவர் வெர்ஜைப் புதிதாகச் செய்யும்போது, பழைய கடிகாரங்கள் பலவற்றிலேயே இல்லாமற்போன ஒன்றை மீண்டும் ஓடவைக்கிறார்.

கைவேலையின் உச்சம் என்று நான் கருதுவது ஃபியூசியை. முழுதாக முறுக்கிய வில் பலமாக இழுக்கும், தளரத் தளர அதன் இழுவை குறையும். அந்த ஏற்றத்தாழ்வு அப்படியே சக்கரங்களுக்குப் போனால் கடிகாரம் சீராக ஓடாது. கூம்பு வடிவமான ஃபியூசியின் மேல் வெட்டிய சுருள் பள்ளத்தில் நரம்புக் கயிறு சுற்றியிருக்கும். வில் பலமாக இருக்கும்போது கயிறு குறுகிய முனையிலிருந்து இழுக்கிறது, பலம் குன்றும்போது அகன்ற முனைக்கு வந்துவிடுகிறது. எந்த இரண்டு வில்லும் ஒன்றுபோல் இராது என்பதால், நகரும் எடை பொருத்திய நீண்ட கோல் ஒன்றை ஃபியூசியில் மாட்டி, ஒவ்வொரு சுற்றிலும் இழுவை சமமாக இருக்கிறதா என்று கையாலேயே உணர்ந்து, வில்லும் கூம்பும் ஒன்றுக்கொன்று இசையும்வரை திருத்த வேண்டும். அளவு வரைபடத்தை மட்டும் பார்த்து இதை முடித்துவிட முடியாது.

லண்டன் கடிகாரக் கலைஞர் ஜோசப் நிப் வடிவமைத்த, ரோமன் எண்களைப் பின்பற்றும் ரோமன் மணியடிப்பிலும் வில்லின் பலத்தைப் பற்றிய இதே சிந்தனை தெரிகிறது. சிறிய மணியின் ஓர் ஒலி ஒன்றையும், பெரிய மணியின் ஓர் ஒலி ஐந்தையும், ஈரொலி பத்தையும் குறிக்கும். வழக்கமான முறையில் பன்னிரண்டு மணி நேரத்தில் 78 அடிகள் விழ வேண்டும். இதில் 30 போதும். வில்லின் சக்தியைச் சேமிப்பதற்கான இந்தக் கணக்கு டயலிலும் தெரியும்: மற்றவர்கள் நான்கைக் குறிக்க நான்கு கோடு (IIII) போட்ட இடத்தில், இவ்வகைக் கடிகாரங்களில் ஐந்தின் குறிக்கு இடப்பக்கம் ஒரு கோடு மட்டும் (IV) இருக்கும்.

தனியொருவர் எல்லாப் பகுதிகளையும் தாமே செய்வதுதான் பழைய மரபு என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. டாம்பியனின் பட்டறையிலிருந்து சுமார் 5,500 சட்டைப்பைக் கடிகாரங்களும் 650 பெரிய கடிகாரங்களும் வெளிவந்ததாகக் கணக்கிடுகிறார்கள். ஒரு மனிதரின் இரு கைகளால் இது ஆகாது. செதுக்குபவர், வார்ப்பவர், வில் செய்பவர், பெட்டி செய்யும் தச்சர் எனப் பலருடைய உழைப்பின் மேல்தான் அவர் பெயர் நிற்கிறது. எனவே சக்கரத்தின் பற்களை அறுத்து, முட்களை அரத்தால் இழைத்து, ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸ் சூட்டில் அவற்றுக்கு நீலம் ஏற்றி, மரவேலையையும் தாமே முடிக்கும் இன்றைய கைவினைஞர், டாம்பியனே மேற்கொள்ளாத ஒரு பாரத்தைச் சுமக்கிறார். டயலில் தம் சொந்தப் பெயரையும் செய்த ஆண்டையும் அவர் பொறித்துவிட்டால், அதற்குமேல் அவரிடம் அசல் எது, போலி எது என்று கேட்க ஏதுமில்லை.

எல்லாவற்றையும் பழையபடியே செய்ய வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. அக்காலத்தில் பித்தளைக்குப் பொன் முலாம் பூசப் பாதரசத்தைச் சூடாக்கி ஆவியாக்கினார்கள். அந்த ஆவி தொழிலாளரின் உடலைக் கெடுத்தது. அதைக் கைவிட்டு மின்முலாம் பூசுபவரை நான் முழுமனதோடு ஏற்கிறேன். ஃபியூசியைக் கைவிட்டுவிட்டு டாம்பியன் பாணி என்று விற்பவரை ஏற்க மாட்டேன்.