பெத்ஸ்கோய், ப்னின்: இந்த ரஷ்யக் குடும்பப் பெயர்கள் ஏன் இவ்வளவு அரிது?

‘ப்னின்’ பிழையாக எழுதப்பட்ட பெயரா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, வேண்டுமென்றே தலையை வெட்டிய பெயர் அது. 18ஆம் நூற்றாண்டு ரஷ்யாவில், திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்குப் பிரபுத் தந்தையின் பெயரோ பட்டமோ சட்டப்படி கிடையாது. அதனால் சில பிரபுக்கள் தங்கள் பெயரின் முதல் அசையை எடுத்துவிட்டு மிச்சத்தைக் கொடுத்தார்கள். ரெப்னின் மகன் ப்னின். த்ருபெத்ஸ்கோய் மகன் பெத்ஸ்கோய்.

இளவரசர் இவான் த்ருபெத்ஸ்கோய் 1700இல் ஸ்வீடனுக்கு எதிரான நார்வா போரில் பிடிபட்டு, பல ஆண்டுகள் ஸ்வீடனில் கைதியாக இருந்தார். அப்போது ஸ்டாக்ஹோமில் பிறந்தவர்தான் இவான் பெத்ஸ்கோய். பின்னாளில் ரஷ்யப் பேரரசி இரண்டாம் கேத்தரினின் கல்வி ஆலோசகரானார். 1764இல் ஸ்மோல்னி பெண்கள் கல்விக்கூடம் உருவானதில் பெரும் பங்கு அவருடையது. மாஸ்கோவில் கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான இல்லமும் அவர் முயற்சியே. அவர் பிறப்பை நினைத்தால் எனக்கு இது மனதைத் தொடும் விஷயம்.

கவிஞர் இவான் ப்னின் (1773–1805) இன்னும் நேராகவே பேசினார். தன்னைப் போன்ற பிள்ளைகளுக்கு நியாயம் கேட்டு 1802இல் ஜார் முதலாம் அலெக்சாந்தருக்கே எழுதினார்.

சரி, ஏன் அரிது? இவானோவ் மாதிரியான பெயர் ஊருக்கு ஊர் தனித்தனியாக முளைக்கும். இப்படி வெட்டிய பெயரோ ஒரே ஒருவரிடம் தொடங்குகிறது. அவருக்கு வாரிசு இல்லையென்றால் அத்தோடு சரி. அப்புறம், குட்டையான பெயர் எல்லாமே இப்படி வந்ததல்ல. தேவாலயப் பிறப்புப் பதிவேட்டைப் பார்க்காமல் முடிவுக்கு வராதீர்கள்.