பழைய கால் தையல் மிஷின், கையால திருப்புற வீல் சுத்த மாட்டேங்குது. வீட்லயே எண்ணெய் போடலாமா? தேங்கா எண்ணெய் பரவாயில்லையா? கிரீஸ் எங்க வைக்கணும்?

தாராளமா வீட்லயே போடலாம். ஆனா தேங்கா எண்ணெய் மட்டும் வேண்டவே வேண்டாம். எங்க செங்கோட்டை, புளியரைப் பக்கம் பழைய மிஷினைத் தொறந்தாலே உள்ள பிசின் மாதிரி மஞ்சளா ஒட்டிக்கிட்டு கெடக்கும், பாதி வீட்ல அது என்னிக்கோ ஆச்சி விட்ட தேங்கா எண்ணெய்தான். 24 டிகிரிக்குக் கீழ போனாலே உறைய ஆரம்பிச்சிடும், சாரல் நேரத்து ராத்திரி போதும் அதுக்கு, அப்புறம் நாள்பட நாள்பட சிக்குப் பிடிச்சு பஞ்சு தூசியையும் சேத்து இழுத்து வச்சுக்கும்.

வீல் சுத்தலைன்னு எழுதியிருக்கீங்க. மொதல்ல பாபின் கேஸை (அடி நூல் கட்டை உக்காருற கூடு) கழட்டி, அதைச் சுத்தி ஓடுற ஷட்டில்ல நூல் சிக்கியிருக்கான்னு பாருங்க, ஒரு துண்டு நூலே வீலைப் புடிச்சு நிறுத்திடும். அது இல்லைன்னா பழைய எண்ணெய் இறுகினதுதான். எண்ணெய் விடுற ஓட்டைங்கள்ல சீமெண்ணெய் ரெண்டு ரெண்டு சொட்டு விட்டு ராத்திரி முழுக்க விட்டுடுங்க, காலையில வீலைக் கையால முன்னயும் பின்னயும் மெதுவா அசைங்க, வம்படியா திருப்பாதீங்க. கறுப்பா வழியும், பழைய வேட்டித் துணியால தொடச்சிக்கிட்டே இருங்க (அந்தத் துணியை அடுப்பு கிட்ட போட்டுறாதீங்க). சீமெண்ணெய் அழுக்கை எளக்கும், தேய்மானத்தைத் தடுக்காது, அதனால அதோட தைக்க உக்காந்துறக் கூடாது.

அப்புறம்தான் மிஷின் ஆயில், நிறமே இல்லாம லேசா இருக்குமே அது. வண்டிக்கு ஊத்துற இன்ஜின் ஆயில் ஆகாது. மேல இருக்கிற ஓட்டை எல்லாத்துலயும் ஒரு சொட்டு, ஊசிப் பக்கத்துத் தகட்டைக் கழட்டி உள்ள ஏறி இறங்குற கம்பிங்களுக்கு, ஷட்டில் ஓடுற பள்ளத்துல ஒண்ணு, பெறவு மிஷின் தலையைச் சாய்ச்சு அடியில இரும்போட இரும்பு உரசுற எடமெல்லாம். மிதிக்கிற பலகையோட ரெண்டு முனையையும் பெரிய சக்கரத்துக்குப் போற கம்பியையும் எல்லாரும் மறந்துடுவாங்க. தோல் பெல்ட்டுலயும் நூல் டென்ஷன் தட்டுலயும் மட்டும் படக்கூடாது, பெல்ட் வழுக்கும், துணி கறையாகும்.

கிரீஸ் பெரும்பாலும் தேவையே இல்லைங்க. பல் சக்கரம் இருந்தா, கை மிஷின் கைப்பிடியில இருக்குமே, அந்தப் பல்லுல மட்டும் கொஞ்சம். எண்ணெய் ஓட்டையில கிரீஸை அடைச்சா அப்புறம் எண்ணெயே உள்ள போகாது.

முடிச்சதும் நூல் கோக்காம கொஞ்ச நேரம் ஓட்டி, வேஸ்ட் துணியில தைச்சுப் பாருங்க. வீல் சுத்தியும் ஊசி எறங்கலைன்னா பயந்துறாதீங்க, வீல் நடுவுல இருக்கிற வட்டத் திருகை இறுக்குங்க, பாபின் சுத்தும்போது தளர்த்தி விட்டது அப்படியே இருந்திருக்கும்.